கல்லாகும் காற்று: காபனீரொட்சைட்டைப் பாறைக்குள் பூட்டும் முயற்சி

புகையைக் கல்லாக்க முடியும் என்று எவரேனும் கூறினால் அதனைப் புராணக் கதையென்றே நாம் கொள்வோம். ஆயினும் இயற்கை இச்செயலைப் பல கோடி ஆண்டுகளாக ஓசையின்றிச் செய்து வருகின்றது. நாம் புலம்பெயர்ந்து வாழும் நாடுகள் சிலவற்றின் விஞ்ஞானிகள், இயற்கை ஆயிரமாயிரம் ஆண்டுகளில் செய்து முடிப்பதை ஓரிரு ஆண்டுகளில் செய்துவிட முனைந்து, அதில் ஓரளவு வெற்றியும் கண்டுள்ளனர். இந்த வெற்றியின் பெறுமதி என்ன, அதன் எல்லை எது, அதனால் நன்மை பெறப்போவோர் யார் என்பன நம் குடும்பங்களும் அறிந்து வைத்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரியும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு வாயு, தமிழகத்தார் கரியமில வாயு என அழைக்கும் அதே வாயு, சூரிய வெப்பத்தைப் புவியை விட்டு வெளியேற விடாது தடுத்து நிறுத்துகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, 2024 ஆம் ஆண்டில் 420 பங்கையும் தாண்டிவிட்டது. எரிபொருள்களாலும் சீமெந்து உற்பத்தியாலும் மட்டும் உலகம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,700 கோடி தொன் காபனீரொட்சைட்டை வெளியிடுகின்றது. புகைப்பதைக் குறைப்பதே முதல் மருந்து என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஏற்கெனவே வெளியேறிவிட்ட வாயுவையும், சீமெந்து, உருக்கு போன்ற தொழில்களில் எளிதில் தவிர்க்க முடியாத வாயுவையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

அதனை நிலத்தின் கீழ் அடைத்து வைப்பது ஒரு வழி. நோர்வே நாட்டினர் 1996 ஆம் ஆண்டு முதல் வடகடலின் அடியிலுள்ள மணற்கற் படையொன்றினுள் இவ்வாயுவைச் செலுத்தி வந்துள்ளனர். அங்கே அது பெரும்பாலும் வாயு நிலையை ஒத்த பாய்பொருளாகவே தங்கியிருக்கின்றது. மேலே இறுக்கமான பாறை மூடியாக அமைந்திருப்பதால் அது வெளியேறுவதில்லை. எனினும் மூடியில் வெடிப்பு உண்டா, கசிவு உண்டா என்று தலைமுறை தலைமுறையாகக் காவலிருக்க வேண்டும். அவ்வாயு கல்லாகவே மாறிவிட்டால் அத்தகைய காவலுக்கு வேலை இல்லை.

அமிலமும் பாறையும்

இதன் இரசாயனம் பாடசாலையில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் விளங்கக் கூடியதே. காபனீரொட்சைட்டு நீரிற் கரையும்போது மென்மையான அமிலமொன்று உண்டாகின்றது. சோடாப் போத்தலைத் திறந்து அருந்துகையில் நாவிற்படும் மெல்லிய புளிப்பு அதுவேயாகும். இந்த அமில நீர் மகனீசியமும் கல்சியமும் நிறைந்த பாறைகளைத் தொடும்போது பாறை சிறிது சிறிதாகக் கரைகின்றது. கரைந்து வந்த மகனீசியமும் கல்சியமும் நீரிலுள்ள காபனீரொட்சைட்டோடு கூடிக் காபனேற்று என்னும் வெண்கனியமாகப் படிகின்றன. லண்டன் போன்ற நகரங்களில் வாழும் வாசகர்கள் தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பைக் கண்டிருப்பர். அதுவும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே.

இவ்வினைக்கு மிகவும் உகந்தது ஒலிவீன் என்னும் பச்சைநிறக் கனியமாகும். மகனீசியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த இக்கனியமே நிலவோட்டின் கீழுள்ள ஆழமான படையின் பெரும்பகுதியாக அமைந்துள்ளது. அது நீரை ஏற்று மாறும்போது பாம்புத் தோலை ஒத்த வழவழப்பும் பச்சை நிறமும் கொண்ட சேர்ப்பன்ரைன் உண்டாகின்றது. தூய மகனீசிய ஒலிவீனாக இருந்தால், ஒரு தொன் காபனீரொட்சைட்டைப் பூட்டுவதற்கு ஏறத்தாழ 1.6 தொன் கனியம் தேவை. சேர்ப்பன்ரைன் ஆயின் 2 தொன்னுக்குச் சற்று அதிகம் வேண்டும். விளைவாகக் கிடைப்பவை மக்னசைற் என்னும் வெள்ளைக் கல்லும் மணலை ஒத்த சிலிக்காவும். இரண்டும் நஞ்சற்றவை. மேலும் இவ்வினை வெப்பத்தை வெளியிட்டபடி தானாகவே நிகழக் கூடியது. அதாவது இயற்கையின் சரிவு நாம் விரும்பும் திசையிலேயே அமைந்துள்ளது. குறை ஒன்றேதான்: வேகம் போதாது.

நம் மண்ணில் உள்ள சான்று

காபனீரொட்சைட்டு கல்லாய்க் கிடப்பதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மீதே அமர்ந்திருக்கின்றது. கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகளாகத் திரண்டு இறுகிய அக்கல்லின் ஒவ்வொரு தொன்னிலும், அது தூய்மையானதாயின், 440 கிலோகிராம் காபனீரொட்சைட்டு அடங்கியுள்ளது. கிணறு வெட்டுகையில் நம் முன்னோர் உடைத்தெடுத்த கல், இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அவ்வாயுவைத் தன்னுள்ளே பூட்டி வைத்திருந்த கல்லாகும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில் அதே கல் சுடப்பட்டபோது பூட்டுத் திறந்து வாயு மீண்டும் வானை அடைந்தது. இன்று விஞ்ஞானிகள் செய்ய விழைவது அந்தச் சூளையின் தொழிலைத் தலைகீழாகச் செய்வதே எனலாம்.

மகனீசியப் பாறைக்குச் சான்று தமிழகத்தின் சேலத்தில் உண்டு. அந்நகரின் அருகே சுண்ணாம்புக் குன்றுகள் என அழைக்கப்படும் மேட்டு நிலங்களில், ஒலிவீன் நிறைந்த கரும்பச்சைப் பாறையின் வெடிப்புகளெங்கும் வெண்ணிற மக்னசைற் நரம்புகளாக ஓடுகின்றது. அங்குள்ளோர் அதனை வெள்ளைக்கல் என்பர். காபனீரொட்சைட்டைச் சுமந்த நீர் நெடுங்காலம் பாறையினூடே ஊறியதன் விளைவே அந்த வெண்ணரம்பு. உருக்காலைகளின் உலைகளுக்கு வெப்பந்தாங்கும் செங்கல் செய்வதற்காக அக்கல் வெட்டியெடுக்கப்பட்டுச் சுடப்படுகின்றது. சுடும்போது அதன் எடையிற் பாதிக்கும் மேற்பட்டது காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடுகின்றது. இயற்கை பூட்டியதை மனிதன் திறக்கிறான் என்பதற்கு இது மற்றுமொரு எடுத்துக்காட்டு.

எண்ணம் பிறந்த விதம்

பாறைகளின் இந்த இயல்பைக் கருவியாக்கலாம் என்னும் எண்ணத்தை 1990 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த வால்ற்றர் சைவ்றிற்ஸ் என்பவர் 'நேச்சர்' ஆய்விதழில் சுருக்கமான கடிதமாக வெளியிட்டார். 1995 இல் அமெரிக்காவில் கிளவுஸ் லக்னரும் அவரது சகாக்களும் இதனை விரிவாக ஆராய்ந்து, உலகிலுள்ள மகனீசியப் பாறையின் அளவு, நிலக்கரி முழுவதும் எரிந்தாலும் வெளிவரும் வாயுவைக் கொள்ளப் போதுமானது என எடுத்துக் காட்டினர்.

முதலில் முயன்ற வழி, பாறையை வெட்டியெடுத்து, மாவாக அரைத்து, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் கொள்கலனொன்றினுள் வாயுவோடு சேர்ப்பதாகும். அமெரிக்க ஆய்வுகூடங்களில் ஒலிவீன் தூளை 185 பாகை செல்சியஸ் வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 150 மடங்கு அழுத்தத்தில் வைத்தபோது சில மணி நேரத்தில் அது காபனேற்றாக மாறியது. ஆனால் பாறையை வெட்டவும் ஏற்றவும் அரைக்கவும் சூடாக்கவும் செலவாகும் சக்தி மிகப் பெரிது. அச்சக்தி நிலக்கரியிலிருந்து வருமாயின், ஒரு கையால் பூட்டியதை மறு கையால் திறந்த கதையாகவே முடியும். ஆகவே பாறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவதிலும் பார்க்க, வாயுவைப் பாறை இருக்கும் இடத்திற்கே கொண்டுசெல்வது மேலென்ற கருத்து வலுப்பெற்றது.

ஐஸ்லாந்தின் அனுபவம்

ஐஸ்லாந்து எரிமலைகளால் ஆன தீவு. அதன் நிலமெங்கும் பசால்ற் என்னும் எரிமலைக் கருங்கல்லே பரந்து கிடக்கின்றது. ஒலிவீன் பாறை அளவிற்கு மகனீசியம் இல்லாவிடினும், பசால்ற்றில் கல்சியமும் மகனீசியமும் இரும்பும் தாராளமாக உண்டு. தலைநகர் றேய்க்யவிக்கின் அருகே ஹெல்லிஸ்ஹெய்டி என்னுமிடத்தில் புவிவெப்ப மின்நிலையமொன்று இயங்குகின்றது. நிலத்தடி நீராவியோடு அங்கே சிறிதளவு காபனீரொட்சைட்டும், கூழ்முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டும் வெளிவருகின்றன. இவற்றை மீண்டும் பாறைக்குள்ளேயே அனுப்பும் நோக்கோடு ஐஸ்லாந்து, பிரான்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றிணைந்து தொடங்கிய திட்டம் காப்ஃபிக்ஸ் எனப் பெயர் பெற்றது.

அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது. வாயுவை வாயுவாகச் செலுத்தாது, நீரிற் கரைத்துச் சோடா நீராகச் செலுத்தினர். கரைந்த நீர் சாதாரண நீரிலும் சற்றுக் கனமானது. ஆதலால் அது மேலெழாது கீழேயே தங்குகின்றது. 2012 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 175 தொன் தூய காபனீரொட்சைட்டும், பின்னர் ஐதரசன் சல்பைட்டுக் கலந்த வாயு 73 தொன்னும், 400 முதல் 800 மீற்றர் வரையான ஆழத்திற்குச் செலுத்தப்பட்டன. செலுத்திய வாயு எங்கே செல்கின்றது என்பதை அறிய அதனோடு கதிரியக்கக் காபன்-14 சிறிதளவு கலக்கப்பட்டது. அருகிலுள்ள கண்காணிப்புக் கிணற்றில் அந்த அடையாளம் எதிர்பார்த்த அளவிற்கு வந்து சேரவில்லை. ஒரு கட்டத்தில் கிணற்றினுள் இருந்த நீரிறைக்கும் பம்பி செயலிழந்தது. மேலே தூக்கிப் பார்த்தபோது அதன் மீது கல்சியம் காபனேற்றுப் படிந்திருந்தது. வாயு கல்லாகிவிட்டது என்பதற்கு அப்பம்பியே சாட்சியாயிற்று.

2016 இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. பல நூறு ஆண்டுகள் எடுக்கும் என எண்ணியிருந்த மாற்றம், இரண்டு ஆண்டுகளுக்குள் 95 சதவீதத்திற்கு மேல் நிறைவேறியிருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் வோஷிங்ரன் மாநிலத்தில், வலூலா என்னுமிடத்துப் பசால்ற் பாறைக்குள் 2013 இல் ஏறத்தாழ ஆயிரம் தொன் வாயு செலுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் துளையிட்டு எடுத்த பாறையிலும் புதிய காபனேற்றுப் படிவுகள் காணப்பட்டன.

ஹெல்லிஸ்ஹெய்டியில் 2014 முதல் இப்பணி தொழிற்றுறை அளவில் நடைபெறுகின்றது. மின்நிலைய வாயுவைப் பிரித்துப் பாறையில் இடுவதற்குத் தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ 25 டொலர் செலவானதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். சுவிற்சர்லாந்தின் கிளைம்வேர்க்ஸ் நிறுவனம் அங்கே திறந்தவெளிக் காற்றிலிருந்தே காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலைகளை நிறுவியுள்ளது. 2021 இல் திறந்த 'ஓர்க்கா' ஆண்டிற்கு 4,000 தொன்னையும், 2024 இல் திறந்த 'மம்மத்' 36,000 தொன்னையும் பிடிப்பதற்கென வடிவமைக்கப்பட்டவை. ஆனால் காற்றிலிருந்து பிடிப்பது பன்மடங்கு செலவு மிக்கது. தொன் ஒன்றுக்குப் பல நூறு டொலர் ஆகின்றது. மம்மத் தன் முதலாண்டில் வடிவமைத்த அளவை நெருங்கவும் இல்லை.

நீரும் ஒரு பிரச்சினையாகும். ஒரு தொன் வாயுவைக் கரைப்பதற்கு ஏறத்தாழ 25 தொன் நீர் வேண்டும். நீர்வளம் மிக்க ஐஸ்லாந்திற்கு இது சுமையன்று. வறண்ட நாடுகளுக்குப் பெருஞ்சுமை. ஆகவே நன்னீருக்குப் பதிலாகக் கடல்நீரைப் பயன்படுத்தும் சோதனைகள் நடைபெறுகின்றன.

ஓமான் மலைகள்

மகனீசியப் பாறையின் பெருங்களஞ்சியம் எதுவெனின் அது ஓமானாகும். ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடலடி நிலவோடும் அதன் கீழிருந்த ஆழ்படைப் பாறையும், கண்ட நகர்வின்போது தரைமீது தூக்கி ஏற்றப்பட்டன. 350 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் அம்மலைத்தொடரில், சாதாரணமாகப் பல கிலோமீற்றர் ஆழத்தில் மறைந்திருக்கும் ஒலிவீன் பாறை வெயிலிலும் மழையிலும் வெளிப்பட்டு நிற்கின்றது. பாறையின் வெடிப்புகளில் வெண்ணரம்புகள் ஓடுகின்றன. ஊற்று நீர் தேங்கும் குட்டைகளின் மேற்பரப்பில் மெல்லிய ஏடு போல் காபனேற்றுப் படிகின்றது.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் கெலமனும் யூர்க் மற்றரும் அந்த வெண்ணரம்புகளின் வயதைக் கணித்தனர். அவை கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையவை என்றே கருதப்பட்டிருந்தன. ஆயின் அவற்றின் சராசரி வயது 26,000 ஆண்டுகள் மட்டுமே எனத் தெரியவந்தது. அம்மலைகள் இன்றும் ஆண்டிற்குப் பல்லாயிரம் தொன் காபனீரொட்சைட்டைத் தாமே உட்கொள்கின்றன என்றும், துளையிட்டு வாயுவைச் செலுத்தி வினையைத் தூண்டினால் ஆண்டிற்கு 100 கோடி தொன்னுக்கு மேலும் பூட்டலாம் என்றும் 2008 இல் அவர்கள் எழுதினர். இது கணக்கில் உள்ள ஆற்றலே தவிர நடைமுறைக்கு வந்த சாதனையன்று. 2020 இல் ஓமானில் தொடங்கப்பட்ட நிறுவனமொன்று காபனீரொட்சைட்டின் மூலக்கூற்று நிறையையே தன் பெயராக்கி 44.01 என வழங்குகின்றது. அது ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவிலும் சிறு சோதனைகளை நடத்தியுள்ளது.

இங்கேயும் இயற்கை ஒரு முட்டுக்கட்டையை வைத்துள்ளது. காபனேற்றாக மாறும் பாறை பருமனிற் பெருக்கின்றது. பெருத்த கல் நீர் செல்லும் வெடிப்புகளை அடைத்துவிடக் கூடும். மாறாக, அப்பெருக்கமே பாறையை மேலும் பிளந்து புதிய வழிகளைத் திறக்கவும் கூடும். எந்தச் சூழலில் எது நிகழும் என்பதே இத்துறையின் முதன்மையான ஆய்வுப் பொருளாக உள்ளது.

கழிவிலிருந்து ஒரு பயன்

புதிதாகப் பாறை வெட்டாமலே பயன் பெறும் வழியும் உண்டு. நிக்கல், கல்நார், வைரம் முதலியவற்றை அகழ்ந்த சுரங்கங்கள் பல, மகனீசியப் பாறையைத் தூளாக்கிக் கழிவாகக் கொட்டியுள்ளன. அரைக்கும் செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கக் கழிவு, எவரும் தூண்டாமலே ஆண்டிற்கு ஏறத்தாழ 40,000 தொன் காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து உறிஞ்சுவதாக 2014 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அது அச்சுரங்கம் ஓராண்டில் வெளியிட்ட வாயுவில் ஏறத்தாழ 11 சதவீதமாகும். கனடாவில் கியூபெக் மாநிலத்தின் தெற்போர்ட் மைன்ஸ் பகுதியில் மலைகளாகக் குவிந்து கிடக்கும் கல்நார்க் கழிவும் இதே வகையைச் சேர்ந்தது. எனினும் கல்நார் இழை நுரையீரலுக்கு நஞ்சு. இத்தகைய பாறைகளில் நிக்கல், குரோமியம் ஆகிய உலோகங்களும் உண்டு. அவை நிலத்தடி நீரிற் கலவாது காப்பது இன்றியமையாதது. தொழிலாளரின் உடல்நலத்தைப் பணயம் வைத்துக் காலநிலையைக் காப்பது அறமாகாது.

கணக்குச் சொல்லும் உண்மை

இம்முயற்சிகளைப் பாராட்டும் அதேவேளை கணக்கையும் மறக்கலாகாது. மம்மத் போன்ற ஆலை தன் முழு அளவில் இயங்கினாலும், உலகம் ஓராண்டில் வெளியிடும் வாயுவை ஈடுசெய்ய அத்தகைய ஆலைகள் பத்து இலட்சம் வேண்டும். கனடாவில் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டிற்கு ஏறத்தாழ 14 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகின்றது. தொன் ஒன்றுக்கு 2 தொன் பாறை எனக் கொண்டால், நால்வர் வாழும் வீடொன்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் நூறு தொன்னுக்கு மேல் பாறை வேண்டும். இலங்கையில் ஒருவர் வெளியிடுவது ஆண்டிற்கு ஒரு தொன் அளவே. நாம் விட்டுவந்த நாட்டிற்கும் வந்து சேர்ந்த நாட்டிற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு சிந்தனைக்குரியது.

ஏனெனில் கடல்மட்டம் உயரும்போது முதலில் துன்புறுவது குறைவாகப் புகைத்தவரே. குடாநாட்டின் சுண்ணக்கல்லினுள்ளே நன்னீர், உவர்நீரின் மீது மிதக்கும் ஒரு வில்லையாகவே இருக்கின்றது. கடல் உயர்ந்து அவ்வில்லை மெலியுமாயின் கிணறுகள் உவர்ப்பாகும். அங்கே எஞ்சியிருக்கும் நம் உறவுகளுக்கு இது ஆய்விதழ்ச் செய்தியன்று. அன்றாடக் குடிநீரின் செய்தி.

மற்றுமொரு கேள்வியும் உண்டு. ஒருவர் வெளியிட்ட வாயு யாருடைய நிலத்தின் கீழ்ப் போய்ச் சேர்வது? ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் காபனீரொட்சைட்டைக் கப்பல்களில் கொண்டுவந்து, ஆண்டிற்கு 30 இலட்சம் தொன் வரை பாறைக்குள் செலுத்தும் திட்டமொன்று ஐஸ்லாந்தின் ஹப்னர்பியோர்தூர் நகரின் எல்லையில் தீட்டப்பட்டது. தமது வீடுகளின் அருகே இது வேண்டாமென நகர மக்கள் பலர் எதிர்த்தனர். 2025 இல் அங்கு அத்திட்டம் கைவிடப்பட்டது. ஐஸ்லாந்து மக்களுக்கு எதிர்க்கும் உரிமையும் அதைக் கேட்கும் ஆட்சியும் இருந்தன. நாளை வறிய நாடொன்றின் மலை தேர்ந்தெடுக்கப்பட்டால் அம்மலையடியில் வாழ்வோரிடம் அனுமதி கேட்கப்படுமா? தம் நிலத்தின் மீது தம் சம்மதமின்றி எடுக்கப்பட்ட முடிவுகளால் இடம்பெயர்ந்தோராகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று.

காற்றைக் கல்லாக்கலாம் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. அது அறிவியலின் சிறப்பு. ஆனால் அதனை இனியும் தடையின்றிப் புகைப்பதற்கான உரிமச்சீட்டாக எவரும் கொள்வார்களாயின் அது பெருந்தவறாகும். பாறைக்குப் பொறுமை உண்டு, கொள்ளளவும் உண்டு. ஆனால் அதன் வேகத்தை விடப் பன்மடங்கு வேகத்தில் நாம் எரித்துக்கொண்டிருக்கிறோம். எரிப்பதைக் குறைத்து, தவிர்க்க முடியாத மிச்சத்தை மட்டும் கல்லிடம் ஒப்படைப்பதே முறையாகும். விஞ்ஞானமும் பொறியியலும் புவியியலும் பயிலும் நம் இளந்தலைமுறையினருக்கு இத்துறை திறந்து கிடக்கின்றது. அவர்கள் அதனுள்ளே செல்லும்போது, எவ்வளவு வாயு கல்லானது என்ற கணக்கோடு, எவருடைய நிலத்தில், எவருடைய செலவில் என்ற கணக்கையும் சேர்த்தே கேட்பார்களாக.